அங்கணத்துத் தவளைகள்

தவளை பிடிக்குமா என்று கேட்டால் பிடிக்காது என்றுதான் சொல்வேன். இத்தனை வருடம் ஆகியும் காலில் ஏறினால் உடம்பு கூசுகிறது. ஆனால் புளியரையில், மலையடிவாரத்து வயலை ஒட்டிய ஓட்டு வீட்டில் வாழ்க்கைப்பட்டவள் தன் விருப்பத்தைத் தவளையிடம் சொல்லிப் பயனில்லை. ஆனியில் சாறல் விழத் தொடங்கியதும் அவை வந்துவிடும். குளியலறை வாளிக்குள், செருப்புக்குள், துவைகல்லின் அடியில், பாத்திரம் கழுவுகிற அங்கணத்துக் குழாய்க்குப் பின்னால், இரும்புக் கேட்டின் உள்கூட்டில், என் தையல் மெஷினின் மிதியில். மிதியில் இருப்பதுதான் எனக்குப் பெரிய தொல்லை. பள்ளிச் சீருடை தைக்கிற ஜூன் மாத நெருக்கடியில் ஒவ்வொரு முறை உட்காரும்போதும் குனிந்து பார்த்து, விரட்டிவிட்டு, பிறகுதான் காலை வைக்க வேண்டும். மோட்டார் மாட்டினால் மிதி வேண்டாமே என்று யோசனை சொன்னார்கள். மாட்டியும் ஆயிற்று. அதற்கும் காலால் அழுத்துகிற கட்டை ஒன்று தரையில்தான் கிடக்கிறது.

நான் பிறந்தது எட்டயபுரம் பக்கத்துக் கரிசல் காடு. அங்கே தவளைச் சத்தம் என்பது ஒரு செய்தி. ஐப்பசியில் ஊருணியில் தண்ணீர் கண்ட இரவில் தவளை கத்தினால், முற்றத்தில் படுத்திருக்கும் அப்பா எழுந்து உட்கார்ந்து பீடி பற்றவைப்பார். அம்மாவும் எழுந்துவிடுவாள். இருவரும் ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பார்கள். கல்யாணமாகி இங்கே வந்த முதல் மழைக்கு நானும் பழக்கத்தில் எழுந்து உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் தலையணையை எடுத்துக் காதை மூடிக்கொண்டு திரும்பிப் படுத்தார். இந்த ஊரில் தவளைக்காக யாரும் எழுந்திருப்பதில்லை என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது.

இங்கே மழை இரண்டு தடவை வருகிறது என்பதுதான் காரணம். மலைக்கு மேற்கே கேரளத்தில் கொட்டுகிற தென்மேற்குப் பருவமழையின் மிச்சம் ஆரியங்காவுக் கணவாய் வழியாக எங்களுக்கும் குற்றாலத்துக்கும் சாறலாக வந்து சேரும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கிழக்கிலிருந்து வரும். ஆகவே கார், பிசானம் என்று இரண்டு நெல், இரண்டு முறை சேறாக்கித் தொழியடித்த வயல், இரண்டு தவளைக் காலம். இடையில் பங்குனி, சித்திரையில் ஓய்வு என்று நினைத்தால், அப்போது வெளியே ஈரம் இல்லாததால் குளியலறைக்குள்ளேயே குடிவந்துவிடுகின்றன.

வீடும் அவற்றுக்கென்றே கட்டியதுதான். 1956 நவம்பர் 1-ஆம் தேதி சென்னை மாநிலத்தோடு சேரும்வரை செங்கோட்டை வட்டாரம் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. அந்தக் காலத்தில் வீட்டுக்காரரின் தாத்தா கட்டிய வீடு இது. நெஞ்சு உயரத்துக்கு இறங்கிய ஓட்டுத் தாழ்வாரம், பகலிலும் இருட்டான தார்சா, எப்போதும் சில்லென்ற சுவர். மழை அடிக்கும் ஊருக்கு ஏற்ற வீடு என்று பார்க்க வருகிறவர்கள் மெச்சுவார்கள். தவளையும் அதைத்தான் மெச்சுகிறது.

கல்லூரியில் விலங்கியல் படிக்கிற என் மகள்தான் வீட்டுக்குள் நடமாடுவது ஒரே தவளை இல்லை என்று எனக்குப் பிரித்துக் காட்டினாள். குளியலறைச் சுவரில் ஒட்டிக்கொண்டு, நாம் உள்ளே நுழைந்ததும் முகத்துக்கு நேராகப் பாய்வது மரத்தவளை. விரல் நுனிகளில் வட்டமான திண்டு இருப்பதால் வழவழப்பான ஓட்டிலும் கண்ணாடியிலும் ஏறிவிடும். பகலில் உடம்பை ஒடுக்கிக்கொண்டு சுண்ணாம்புச் சுவரின் நிறத்துக்கு வெளுத்து உட்கார்ந்திருக்கும். கை வைக்கும்வரை தெரியாது. வாசலில் கனத்துப்போய்த் தத்துவது சொறித்தேரை. அதன் கண்ணுக்குப் பின்னால் உள்ள புடைப்பில் விஷப்பால் இருக்கிறது. எங்கள் நாய் ஒரு தடவை கவ்விவிட்டு வாயெல்லாம் நுரை தள்ளி நின்றது; அதற்குப் பிறகு தேரையைக் கண்டால் மரியாதையாக விலகிப் போகிறது. தொட்டால் பாலுண்ணி வரும் என்பது மட்டும் பொய். கழிவுநீர் ஓடுகிற வாறுகால் ஓரத்திலும் வரப்பிலும் கூட்டம் கூட்டமாக இருக்கும் விரல் நுனி அளவுத் தவளைகள் வேறு. முதுகில் பழுப்புக் கோலம், கூம்பிய மூஞ்சி. மைக்ரோஹைலா என்று மகள் சொன்னாள். அளவு இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர்தான். கதவிடுக்கு வழியாக வீட்டுக்குள் வருவதில் பாதி இவைதான்.

இவ்வளவு சின்னதாக இருந்தால் எப்படிக் கண்டுபிடித்துப் பெருக்கித் தள்ளுவது என்று நான் புலம்பியபோது, "இவையெல்லாம் பெரியவை, அம்மா" என்றாள். 2017-ல் தில்லிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.டி. பிஜு, சோனாலி கர்க் குழுவினர் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து ஏழு புதிய இரவுத் தவளை இனங்களை அறிவித்தார்களாம். அவற்றில் நான்கு, முழுதாக வளர்ந்தபின்பும் ஒன்றரை சென்டிமீட்டர் அளவைச் சுற்றித்தான் இருக்கின்றன. சருகுக்கும் சதுப்புப் புல்லுக்கும் அடியில் இருந்துகொண்டு பூச்சிக் குரலில் கத்துவதால் அதுவரை யாரும் கவனிக்கவில்லை. பிஜு கொல்லம் மாவட்டம் கடக்கல் ஊர்க்காரர் என்பது தெரிந்ததும் என் மாமியாருக்கு, அத்தைக்கு, ஒரே பெருமை. அத்தை பிறந்தது தென்மலை; அதே கொல்லம் மாவட்டம். "எங்கள் நாட்டுப் பையன்" என்று சொல்லிக்கொண்டார். அதற்கு முன்னாலும் பின்னாலும் அவர் தவளையைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை.

சத்தத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சீப்பின் பற்களை நகத்தால் இழுத்தால் ஒரு கர்ர்ர் வருமே, மைக்ரோஹைலாவின் குரல் அதுதான். ஆனால் அந்தச் சீப்பு நூற்றுக்கணக்கில் இருக்கும், விடியும்வரை ஓயாது. அத்தனை சின்ன உடம்பு, கிட்டத்தட்டத் தன் அளவுக்குத் தொண்டைப் பையை ஊதிக்கொண்டு கத்துகிறது. மலைச்சாலையின் எஸ் வளைவில் முதல் கியரில் ஏறுகிற லாரிச் சத்தத்தையும் மீறி அது கேட்கும். நான் இரவில் மெஷினை ஓட்டினால் வாறுகாலில் ஒன்று பதில் கொடுக்கத் தொடங்கும். அதைக் கேட்டு அடுத்தது, அதற்கடுத்தது. நான் நூல் மாற்றுவதற்கு நிறுத்தினால் அவையும் கொஞ்சம் தயங்கும். கத்துவதெல்லாம் ஆண் தவளைகள்தான், பெண் தவளை பெரும்பாலும் வாயே திறப்பதில்லை, கேட்டுப் பார்த்துப் பிடித்த குரலைத் தேடிப் போகும் என்று மகள் விளக்கிய அன்று, அத்தை சுவரில் மாலையோடு தொங்கும் மாமாவின் படத்தை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

என் வீட்டுக்காரருக்கு வைக்கோல் வியாபாரம். கேரளத்துக்குப் போகிற லாரிகளில் இரவில்தான் கட்டு ஏற்றுவார்கள் என்பதால் வாசலில் பெரிய வெள்ளை விளக்கு ஒன்று நள்ளிரவு வரை எரிந்துகொண்டிருந்தது. எங்கள் வீட்டுக்கு மட்டும் ஏன் இத்தனை என்று நான் தலையைப் பிய்த்துக்கொண்ட காலத்தில், அந்த விளக்குக்கு அடியில்தான் கூட்டமே நடந்துகொண்டிருந்தது. வெளிச்சத்துக்கு ஈசல், விட்டில், வண்டு, அவற்றுக்குத் தவளை. வரிசையாக உட்கார்ந்து, விழுவதை நாக்கால் இழுத்துக் கண்ணை மூடி விழுங்கும். கண்ணை மூடுவது ருசிக்காக இல்லையாம். கண் உருண்டைகளை உள்ளே அழுத்தித்தான் இரையைத் தொண்டைக்குள் தள்ளுகிறது என்று மகள் சொன்ன பிறகு, சாப்பிடும்போது அந்தப் பக்கம் திரும்பாமல் இருக்கப் பழகிக்கொண்டேன். வெள்ளை விளக்கைக் கழற்றிவிட்டு மஞ்சள் எல்.இ.டி. மாட்டினோம். பூச்சி குறைந்தது. கூட்டமும் பாதியாகக் கலைந்தது. இந்த விஷயத்தில் நான் உறுதியாகச் சிபாரிசு செய்கிற ஒரே வைத்தியம் இதுதான்.

அத்தைக்குத் தவளையின் மேல் உள்ள கோபத்துக்கு வேறு காரணம். தவளை வந்தால் பின்னாலேயே பாம்பு வரும். நீர்க்கோலி வரும், சாரை வரும். இரண்டுக்கும் விஷம் இல்லை. ஆனால் தவளை தின்கிற பாம்புகளில் விஷமுள்ளவையும் இருக்கின்றன, இருட்டில் காலடியில் நெளிவதை என்ன இனம் என்று விசாரித்துக்கொண்டு நிற்க முடியாது. அத்தை இதில் கைதேர்ந்தவர். இரவு முழுக்கக் கத்துகிற தவளைகளின் நடுவில், பாம்பு வாயில் அகப்பட்ட தவளையின் குரல் மட்டும் தனியாகக் கேட்கும். கீச்சென்று, இழுத்து இழுத்து, பிள்ளை அழுகிற குரல் அது. நீர்க்கோலியும் சாரையும் தவளையைக் கடித்துக் கொல்வதில்லை, உயிரோடு விழுங்குகின்றன. அதனால் அந்த அழுகை கொஞ்ச நேரம் நீடிக்கும். அத்தை அரைத்தூக்கத்தில் படுத்தபடியே "கிணற்றடியில், கல்வாழைப் பக்கம்" என்பார். டார்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தால் கல்வாழைப் பக்கம்தான் இருக்கும். முன்பக்கம் வாய்க்குள்ளும் பின்னங்கால்கள் வெளியிலுமாக. என் வீட்டுக்காரர் கம்பை எடுக்கப் போனால் அத்தை தடுத்துவிடுவார். "தின்கிறபோது அடிக்காதே. தின்றுவிட்டு அது தன் வழியில் போகும்." நானும் இத்தனை வருடமாக அந்தக் குரலைப் பிரித்துக் கேட்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். குரல் தெரிகிறது. திசைதான் இன்னும் தெரியவில்லை.

தேரையைப் பற்றிய பேச்சு ஊரில் நிறைய. பிள்ளை இளைத்துப்போனால் தேரை விழுந்துவிட்டது என்பார்கள். உடைத்த தேங்காயில் பருப்பு இல்லாவிட்டால் தேரை மோந்த காய் என்பார்கள். தென்னையில் வெறுங்காய் விழுவது போரான் சத்துக் குறைவினாலும் மகரந்தச் சேர்க்கை சரியாக நடக்காததாலும் என்று வேளாண்மைத் துறையினர் சொல்லிக்கொடுத்தும், எங்கள் தெருவில் இன்னும் தேரைதான் பொறுப்பு. அறுபது அடி மரத்தில் ஏறி, குலையைத் தேடி, மோந்து பார்த்துவிட்டு இறங்கி வர அதற்கு என்ன அவசியம் என்று யாரும் கேட்பதில்லை. இளைத்த பிள்ளையைத் தேரைக்கு மந்திரிக்கத் தூக்கிக்கொண்டு போவதற்கு முன்னால் எடை பார்க்கிற நர்ஸிடம் காட்டுங்கள் என்று மட்டும் என்னிடம் சட்டை தைக்க வருகிற தாய்மார்களிடம் சொல்கிறேன்.

விரட்டுவதற்கு ஆளுக்கொரு வழி சொல்வார்கள். உப்பைத் தூவு, பிளீச்சிங் பவுடர் போடு, பினாயிலைக் கரைத்து ஊற்று, மண்ணெண்ணெய் தெளி. தவளை தண்ணீரை வாயால் குடிப்பதில்லை. அடிவயிற்றுத் தோலால் உறிஞ்சிக்கொள்கிறது. பாதி மூச்சும் தோல் வழியாகத்தான். அப்படிப்பட்ட உடம்பில் உப்பையோ பிளீச்சிங் பவுடரையோ கொட்டினால் அது விரட்டுவது இல்லை, உரிப்பது. எனக்குத் தவளையைப் பிடிக்காதுதான்; அதற்காக இதைச் செய்ய முடியாது. தவிர, எங்கள் வாறுகால் போய் விழுவது எங்கள் வயலிலேயே. அங்கே ஊற்றுகிற பினாயில் தை மாதம் சோற்றில்தானே வரும் என்பது என் வீட்டுக்காரரின் கணக்கு. ஆகவே அங்கணக் குழிக்கும் குளியலறை ஓட்டைக்கும் பொடிக்கண் கம்பி வலை அடித்தோம். கதவின் அடியில் ரப்பர் பட்டை ஒட்டினோம். உள்ளே வந்ததைப் பிடிக்க ஒரு பிளாஸ்டிக் டப்பாவும் ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையும் ஜன்னலில் எப்போதும் இருக்கும். டப்பாவைக் கவிழ்த்து, அடியில் பத்திரிகையைச் செருகி, வெளியே கொண்டுபோய்விட வேண்டும். கெட்டி அட்டைப் பத்திரிகைதான் இதற்குச் சரி. மெல்லிய காகிதம் வளைந்துவிடும்.

மாமா இருந்தபோது வேறொரு தவளைக் கதை சொல்வார். எங்கள் வயலில் அந்தக் காலத்தில் உள்ளங்கைக்கு அடங்காத பெரிய பச்சைத் தவளைகள் இருந்தன. முதல் பெருமழையில் ஆண் தவளைகள் எலுமிச்சை மஞ்சளாக நிறம் மாறி, கன்னத்தில் நீலப் பை புடைக்கக் கத்தும். மழைக்கால இரவுகளில் கணவாய்க்கு அந்தப் பக்கமிருந்து பெட்ரோமாக்ஸ் விளக்கும் சாக்கும் எடுத்துக்கொண்டு ஆட்கள் வருவார்கள். முகத்துக்கு நேரே வெளிச்சம் விழுந்தால் தவளை அசையாமல் உட்கார்ந்துவிடும். கையால் அள்ளிச் சாக்கில் போட வேண்டியதுதான். பின்னங்கால்கள் மட்டும் உறைய வைக்கப்பட்டு வெளிநாடுகளுக்குக் கப்பலேறின. எங்கள் ஊர்ப் பையன்களும் பிடித்துக்கொடுத்துச் சினிமாவுக்குக் காசு சம்பாதித்தார்கள். மாமாவும் கொடுத்திருக்கிறார். "தவளையை விற்ற காசில் பூச்சிமருந்து வாங்கினோம்" என்று சொல்லிவிட்டுச் சிரிக்காமல் இருப்பார். 1987-ல் மத்திய அரசு தவளைக்கால் ஏற்றுமதியைத் தடை செய்த பிறகு பெட்ரோமாக்ஸ்காரர்கள் வருவது நின்றது. அந்த மஞ்சள் தவளையை நான் கல்யாணமாகி வந்த புதிதில் பார்த்திருக்கிறேன். இப்போது எங்கள் வயலில் கண்ணில் படுவது அபூர்வம். சின்னவைதான் இத்தனை இருக்கின்றன. நடவுக்குப் பிறகு தேரைக் குஞ்சுகள் ஒரே சமயத்தில் வயலைவிட்டுக் கிளம்பும் நாட்களில் ரோட்டில் கால் வைக்க இடம் இருக்காது. ஒரு சென்டிமீட்டர் உயரத்தில், கறுப்பாக, மொத்தத் தார் ரோடும் நகர்கிறதோ என்று தோன்றும். லாரிகள் அதன் மேல்தான் போகின்றன. அன்றைக்கு நான் தெருப்பக்கம் போகாமல் இருக்கப் பார்ப்பேன்.

குற்றாலத்துக்குப் பக்கத்தில் வீடு இருக்கிறவர்களுக்கு ஒரு விதி உண்டு. சீசன் தொடங்கினால் சொந்தக்காரர்கள் வருவார்கள். எங்களுக்குச் சென்னையிலிருந்து நாத்தனார் குடும்பம். அருவியில் குளித்து, ரஹ்மத் கடை பரோட்டாவும் நாட்டுக்கோழியும் வாங்கிச் சாப்பிட்டு, நம் வீட்டில் தூங்கி எழுந்து, "ஊர் என்றால் இதுதான் ஊர்" என்று புகழ்வார்கள். அந்தப் புகழ்ச்சி குளியலறைக் கதவு வரைதான். உட்காரும் கழிப்பறையின் விளிம்புக்குக் கீழிருந்து மரத்தவளை எட்டிப் பார்த்த அன்று நாத்தனார் போட்ட சத்தத்துக்கு வைக்கோல் லாரி டிரைவர் கம்பியோடு ஓடிவந்துவிட்டார்.

போன வருடச் சீசனில் இன்னொன்று நடந்தது. மரத்தவளை தண்ணீருக்குள் முட்டையிடாது. தண்ணீருக்கு மேலே சுவரிலோ இலையிலோ பின்னங்காலால் அடித்து அடித்து ஒரு நுரைக்கூடு கட்டி, அதற்குள் முட்டையிடும். சில நாளில் தலைப்பிரட்டைகள் நுரையிலிருந்து நழுவிக் கீழே தண்ணீரில் விழும். எங்கள் குளியலறையின் சிமெண்டுத் தொட்டிக்கு மேலே, சுவரில், கைப்பிடியளவு நுரை ஒட்டியிருந்தது. அத்தை விளக்குமாற்றால் வழித்துவிடச் சொன்னார். மகள் கூடாது என்றாள். இரண்டு நாள் வாக்குவாதத்துக்குப் பிறகு, தொட்டியைக் காலி செய்துவிட்டு, கூட்டுக்கு நேர் கீழே மழைத்தண்ணீர் பிடித்த பழைய வாளி ஒன்றை வைப்பது, விழுந்தவற்றை மகள் வாய்க்காலில் கொண்டுபோய் விடுவது என்று உடன்பாடு ஆனது. உடன்பாடு ஆனதும் அத்தைக்கே அதில் பொறுப்பு வந்துவிட்டது. காலையும் மாலையும் போய் வாளியை எட்டிப் பார்த்து, எத்தனை விழுந்திருக்கிறது என்று எங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நாத்தனாரின் வீட்டுக்காரர், எனக்கு அண்ணன் முறை, கூட்டம் சேருவதற்கு முன்னால் அருவிக்குப் போய்விட வேண்டும் என்று விடிவதற்குள் எழுந்தார். மின்சாரம் இல்லை. மோட்டார் ஓடவில்லை, தொட்டி காலி. இருட்டில் கைக்கு அகப்பட்ட வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டார். அடுத்த நிமிடம் வீடு முழுவதும் எழுந்துவிட்டது. அத்தைதான் முதலில் குளியலறை வாசலுக்குப் போனவர். "மாப்பிள்ளை, மீதியைக் கீழே கொட்டிவிடாதீர்கள்" என்று வெளியே நின்று கெஞ்சினார். "குஞ்சுகள் செத்துப்போகும்."

இந்த வருடம் அவர்கள் குற்றாலத்திலேயே ரூம் போட்டுவிட்டார்களாம். போனில் சொன்னார்கள். அத்தைக்கு மகளைப் பார்க்க முடியாத வருத்தம். எனக்குத் தைக்க வேண்டிய சீருடை நிறைய இருக்கிறது.